மாதாவை மூடிய துணி

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரான திரேசா, கண்டி மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கம்பளைப் பக்கத் தோட்டமொன்றில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தின் சுவர்கள் வெடித்தபிறகு, வீட்டில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சரிவில் மகளைப் பறிகொடுத்த வீரையாவும் அயலாரும் கண்டியில் ஒரு பாடசாலையில் ஒதுங்கியிருந்தார்கள். பிள்ளைகள் படிக்க வருமுன் அதையும் விடவேண்டும். தோட்டத்தில் தரிசு நிலம் தாராளமாகக் கிடந்தது. கிறிஸ்தவ சபைகளெல்லாம் ஒரே மனுவில் ஒப்பமிட்டு அரசாங்கக் கச்சேரியில் போய் நின்றால் வீடு கட்ட நிலம் தர மறுக்கமாட்டார்கள் என்று திரேசா நம்பினார். கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே என்று நாலு வாசலும் ஏறி இறங்கினார். ஒருவரும் மறுக்கவில்லை.

எல்லோரும் கூடி ஒப்பமிடும் கூட்டத்துக்குப் போதுமான இடம் கத்தோலிக்க மண்டபம்தான். அங்கே மாதா சொரூபம் நின்றது.

"வாறோம் சிஸ்டர். ஆனா சிலைக்கு முன்னாடி எங்க சனம் ஜெபிக்காது," என்றார் பெந்தெகொஸ்தே போதகர் கிருஷாந்தன்.

அது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை நெருங்கினால் கத்தோலிக்கர் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். கொஞ்சம் முந்தி மூடினால் யாருக்கு நட்டம்? திரேசா கதிரையில் ஏறித் தானே மூடிவிட்டார்.

கூட்டத்துக்கு வந்த பங்குத்தந்தை, துணியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னும் நாள் இருக்கே. யாரு மூடச் சொன்னது?"

திரேசாவுக்குப் பொய் வரவில்லை. "நான்தான் ஃபாதர். அவையும் வரட்டும் எண்டு."

"அவங்களுக்காக நம்ம அம்மாவையா மறைச்சீங்க?"

"அடுத்தது செபமாலையையும் கழட்டச் சொல்லுவாங்க!" என்றது ஒரு குரல்.

"பார்வையே இல்லாத அம்மாவுக்கு மூடினா என்ன, தொறந்தா என்ன?" என்றது எதிர்வரிசையில் பெந்தெகொஸ்தே குரல் ஒன்று.

கதிரைகள் உருண்டன. அங்கிலிக்கன் குருவானவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெதடிஸ்த போதகர் சமாதானத்துக்கு ஒரு பாட்டைத் தொடங்கினார். யாரும் சேர்ந்து பாடவில்லை. சுண்ணாம்பில் வார்த்த ஒரு முகத்துக்காகக் கொதித்தவர்கள், மண்ணுக்குள் போன ஒரு பிள்ளைக்காக அப்படிக் கொதித்ததில்லை. நெற்றியில் திருநீற்றோடு கடைசிக் கதிரையில் இருந்த வீரையாவை ஒருவரும் பேசச் சொல்லவில்லை. மனுவில் ஒரு ஒப்பமும் விழவில்லை.

அந்த ஞாயிறு நாலு ஆலயங்களிலும் வீடற்றவர்களுக்காக உருக்கமாக மன்றாடினார்கள்.

பாடசாலையைக் காலிசெய்த நாளில், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் வீரையா மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"திரும்பவும் அந்த லயத்துக்கோ போறியள்? சுவரெல்லாம் வெடிச்சிருக்கு. மழை வேற வரப்போகுது," என்றார் திரேசா.

"வேற எங்கக்கா போறது? விடுங்க. எங்களால நீங்க ஒங்க ஆளுங்ககிட்ட பகையாயிட்டீங்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

திரேசா கடைசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். பஸ் புறப்பட்டபோது கம்பளைப் பக்கம் வானம் கறுத்துக்கிடந்தது.