ஓரகத்தியின் ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் ஒரு செய்தியை ஊர் முழுக்கப் பரப்ப வாட்ஸ்அப் எல்லாம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஒரு ஜெபக் குறிப்பு இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும். பெண்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்று கண்ணை மூடுவார்கள். ஆமென் சொல்லி முடித்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே விஷயம் காக்ஸ் டவுன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். என் மகள் விஷயம் அப்படித்தான் போனது. எழுந்து நின்றவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்களுக்கு ஒரே கட்டடம். கீழே அவர்கள், மாடியில் நாங்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மாடியில் நானும் மகளும் மட்டும்தான். அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கூட வேலை பார்க்கிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. இந்துப் பையன். ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், பாஸ்டரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றெல்லாம் யோசித்து, கொஞ்சம் கொஞ்சமாக மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஓரகத்தியிடம் மட்டும் சொன்னேன். அதுவும், "உன் வயித்தோட வெச்சுக்க" என்று சொல்லித்தான்.

அவள் வயிற்றில் என்றைக்கு எது தங்கியிருக்கிறது! அடுத்த வெள்ளிக்கிழமையே எழுந்து நின்று, "எங்க அக்கா மகளுக்காகப் பாரத்தோட ஜெபிங்க, பிள்ளை வேற வழியில போவுது" என்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் யார் யாரோ வந்து என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகத்தாம்மா ஜெபிச்சிட்டிருக்கோம்" என்றார்கள். அவள் முகம் செத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும், "நீதானேம்மா சொன்ன?" என்றாள். அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்ற ஆத்திரத்தில், "அவனா நானா, முடிவு பண்ணிக்க" என்று கத்தினேன். ஒரு பையில் துணியை எடுத்துவைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை.

அதோடு ஓரகத்தியிடம் பேச்சை நிறுத்தினேன். ஒரே வீட்டில் அது அத்தனை லேசில்லை. தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் சுவிட்ச் அவள் வீட்டுக்குள் இருக்கிறது. மாடியில் தண்ணீர் தீர்ந்தால் கரண்டியை எடுத்துக் குழாயில் ணங் ணங்கென்று தட்டுவேன். அவள் மோட்டார் போடுவாள். ஒரு வருஷத்துக்குமேல் எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஜெபத்தை மட்டும் நான் விடவில்லை. கார்மெண்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து, தையல் மிஷின் இரைச்சலுக்குமேல் கத்திப் பழகிய தொண்டை. விடிகாலையில் நான் ஜெபிப்பது எதிர்வீட்டுக்குக் கேட்கும். என் ஜெபத்தில் பாஸ்டர் இருப்பார், மந்திரிகள் இருப்பார்கள், மழையில்லாத ஊர்கள் இருக்கும், எதிர்வீட்டு நாயின் கால் புண்கூட இருக்கும். மகள் முறை வரும்போது மட்டும் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் ஆகிவிடும். அதைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன்.

தசரா விடுமுறைக்கு முன்னால் பாஸ்டரம்மா சபையில் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, கட்டட வேலைக்காக ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தகர ஷெட்டுகளில் இருக்கிறார்கள். அங்கே ஒரு வாரம் மருத்துவ முகாம், பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. கன்னடம் பேசத் தெரிந்த பெண்கள் வேண்டும். நான் உடனே கையைத் தூக்கினேன். ஊழியத்துக்காகத்தான் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆண்டவரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் நம்பியிருக்க மாட்டார். மகள் குடியிருப்பது அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பின்வரிசையில் ஓரகத்தியும் கையைத் தூக்கியிருந்தாள். அது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டிரண்டு பேராகப் போகவேண்டும் என்று சொல்லி, பாஸ்டரம்மா எங்கள் இருவரையும் ஒரு ஜோடியாகப் போட்டார்கள்.

"வேற யாராச்சும் கூட என்னைப் போடுங்கம்மா" என்றேன்.

"ஏன், ஒரே வீட்டுக்காரங்க. ஒண்ணா வந்து ஒண்ணா போலாம். சௌகரியம்தானே?" என்றார்கள், ஒன்றும் தெரியாத முகத்தோடு. சபையில் எல்லாருக்கும் தெரிந்த சண்டை அவருக்குத் தெரியாதா என்ன!

ஒவ்வொரு நாளும் காலையில் வேன் கிளம்புமுன் எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். முதல் நாளே ஓரகத்தி ஆரம்பித்தாள். "ஆண்டவரே, மன்னிக்கத் தெரியாத கல்லு மனசை உடைச்சிப் போடும்" என்றாள். விடுவேனா நான்? "ஆண்டவரே, ரகசியத்தைக் காப்பாத்தத் தெரியாத நாக்குக்கு ஒரு பூட்டுப் போடும்" என்றேன். அவள், "வீம்பு பிடிச்சவங்களைத் தாழ்த்தும்" என்றாள். நான், "அழுது ஊரைக் கூட்டுறவங்களை அமர்த்தும்" என்றேன். மற்றவர்கள் இரண்டு பக்கத்துக்கும் சமமாக ஆமென் சொன்னார்கள். டிரைவர்கூட ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆமென் என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பாஸ்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். யாரையும் மதம் மாறச் சொல்லி நாம் போகவில்லை. முகாமுக்குக் கூப்பிடுங்கள், உட்கார்ந்து பேசுங்கள், அவர்களாகக் கேட்டால் மட்டும் ஜெபியுங்கள். முதல் சில நாட்கள் யாருமே கேட்கவில்லை. எனக்குக் கை ஒடிந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் தயார் பண்ணி வைத்த ஜெபமெல்லாம் எதற்கு? நான் வாசலில் நின்றபடி ஃபேக்டரியில் வேலை வாங்குகிற வேகத்தில், முகாம் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒப்பித்துவிட்டு அடுத்த ஷெட்டுக்குத் தாவுவேன். ஓரகத்தி அப்படியில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். மூக்கு ஒழுகும் குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெண்கள் சொல்வதையெல்லாம் 'உம்' கொட்டிக் கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் மறுநாள் முகாமுக்கு வந்தவர்கள் அவள் உட்கார்ந்து பேசிய வீட்டுப் பெண்கள்தான். நான் ஒப்பித்த வீடுகளிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் நானும் உட்காரப் பழகினேன். வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தி கஷ்டத்தைக் கேட்பது இத்தனை சிரமம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தண்ணீர் லாரி வராத கஷ்டம், ஊரில் விட்டுவிட்டு வந்த மூத்த பிள்ளை, மேஸ்திரியின் வாய். வேனில் திரும்பும்போது அந்த முகங்கள்தான் கண்ணில் நிற்கும். சத்தமில்லாமல் அவர்களுக்காக மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஜெபம் என்று பேர் வைக்கக்கூட அப்போது தோன்றவில்லை.

வாரம் முடியப்போகிற சமயத்தில், கடைசி வரிசை ஷெட்டில் ஒரு பெண் எங்களைத் தானாகவே கூப்பிட்டாள். சின்ன வயசு, நிறைமாதம். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பிரசவம், ஊருக்குப் போக முடியவில்லை, அம்மா வருவாளா மாட்டாளா தெரியவில்லை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, "அக்கா, நனகூ ஸ்வல்ப ப்ரார்த்தனெ மாட்ரீ" என்று தனக்கும் கொஞ்சம் ஜெபிக்கச் சொல்லிக் கைகூப்பினாள்.

ஒருத்தி ஜெபத்தை ஆரம்பித்தால் இன்னொருத்தி முடிக்கவேண்டும், அதுதான் எங்கள் முறை. ஓரகத்தி அவள் தலையில் கைவைத்துக் கன்னடத்தில் ஆரம்பித்தாள். நல்லபடியாகப் பிறக்கவேண்டும், தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று போய்க்கொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டால் அவளுக்குக் கன்னடம் நிற்காது, தமிழுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கும் வந்தாள்.

"இந்தப் பிள்ளைக்குக் கூட இருக்க அம்மா இல்ல ஆண்டவரே. எங்க வீட்டுப் பிள்ளையும் இப்படித்தானே வயித்தத் தள்ளிக்கிட்டுத் தனியாக் கெடக்குது. அதுக்கும் சுகப்பிரசவத்தக் குடும். அது அம்மாவ அதுகிட்ட கொண்டு போய்ச் சேரும்..."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னமெல்லாம் தண்ணீராக, இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் என் காதில் எதுவும் விழவில்லை. என் பிள்ளைக்குப் பிள்ளை வரப்போகிறது. கீழ்வீட்டில் இருப்பவளுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

அவள் நிறுத்தினாள். நான் முடிக்கவேண்டும். எதிர்வீட்டை எழுப்பும் என் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. அந்தப் பெண் இன்னும் தலைகுனிந்தபடி காத்திருந்தாள். அவள் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. நான் என் முந்தானையால் அதைத் துடைத்தேன். "ஆண்டவரே, என் பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் "என் பிள்ளை" என்றேன். சிக்கிக்கொண்டிருந்த முள் அதோடு வெளியே வந்தது, குமுறிக் குமுறி அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய் எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆமெனை ஓரகத்திதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் ஒரு வருஷத்துக்கப்புறம் அவளிடம் பேசினேன்.

"எத்தனை மாசம்?"

"ஏழுக்கா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போனேன்க்கா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அம்மா வாயத் தொறந்து என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டா மட்டும் சொல்லு சித்தி, இல்லாட்டி வேணாம்னா." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க எங்கக்கா கேட்டீங்க? நானும் தெனமும் பாத்தேன். குழாயத்தான் தட்டினீங்க."

அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவள் அழுததும் இப்படித்தான் இருந்திருக்கும். புத்தி கெட்ட காரியம்தான். ஆனாலும் உண்மையான அழுகை. எதையும் அரை நாள் வைத்திருக்க முடியாதவள், இதை இத்தனை மாசம் வைத்துக்கொண்டு, என் காலுக்குக் கீழேயே நடமாடியிருக்கிறாள். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. "வீடு எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

ஷெட்டுகளின் முனையில் நின்று, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த மஞ்சள் அடுக்குமாடியைக் காட்டினாள். ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் வேனில் வந்துபோயிருக்கிறேன். பாஸ்டரம்மாவிடம் சொன்னோம். "போங்க போங்க, வேன் நிக்கும்" என்றார்கள்.

அந்தக் கட்டடத்தில் யாரும் சும்மா நுழைய முடியாது. வாசலில் செக்யூரிட்டி, கையில் ஃபோன். எந்த வீடு என்று ஓரகத்தி சொன்னாள். "யார் வந்திருக்காங்கன்னு சொல்லணும்?" என்று என்னைக் கேட்டார். செருப்பெல்லாம் ஷெட்டு மண், முந்தானை ஈரம். "அம்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று பயமாக இருந்தது.

அவர் ஃபோனில் சொன்னார். "ஹலோ, ஹலோ மேடம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மேல அனுப்ப வேணாம்ன்றாங்க" என்றார்.

ஓரகத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாம் என்று அடியெடுத்து வைத்தேன். அவர் இன்னும் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார். "இருங்க இருங்க. அவங்களே கீழ வர்றாங்களாம்" என்றார்.

லிஃப்ட் கதவு திறந்தது. நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, என் பிள்ளை அசைந்து அசைந்து வந்தாள். முகம் உப்பியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. சித்தியைத்தான் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா சித்தி?"

"உங்கம்மாகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லலடி. ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். உங்கம்மா பக்கத்துல நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

மகளுக்கு உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியவில்லை.

"அம்மா கேட்டாங்களா?"

"கேட்டேன்டி" என்றேன் நான். "எத்தனை மாசம்னு கேட்டேன்."

செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டார். "அதக் கேக்க ஏழு மாசமாம்மா?" என்று சொல்லிக்கொண்டே வந்து, வயிறு இடிக்க, என் தோளில் முகத்தைப் புதைத்தாள்.