ஸ்காபரோவில் சங்கிலியனுக்கு முடிசூட்டு

1996 ஒக்ரோபர் 10, வியாழன்

பிற்பகல் மூன்றரைக்கு விமானம் ரொறன்ரோவில் இறங்கியது. லண்டனில் நான் முத்திரை விற்கும் தபால் கந்தோரில் கெஞ்சி ஒரு கிழமை லீவு வாங்கி, பள்ளித் தோழி புவனாவைப் பார்க்கப் புறப்பட்டு வந்திருந்தேன். பல வருஷங்களாக அவள் எனக்கு வெறும் தொலைபேசிக் குரல். வெளியே நின்ற கூட்டத்தில், பருமனைக் கழித்துப் பார்த்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். அவளும் என்னை அப்படித்தான் கண்டுபிடித்திருப்பாள். நல்ல பிள்ளை, சொல்லவில்லை.

ஸ்காபரோவுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். நெடுஞ்சாலை 401 எங்கள் லண்டன் தெருக்களில் பத்தை அருகருகே படுக்க வைத்த அகலம். புவனாவின் கணவர் செல்வநாதன் அண்ணை காரோட்டினார். வலப்பக்க ஓட்டம் எனக்குப் பழக்கமில்லாததால், இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். அவரோ ஒரு கையால் காரை ஓட்டி, மறு கையால் சங்கிலி மன்னனுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

"சந்திரா, நீங்கள் சொல்லுங்கோ. பறங்கியைக் கலைச்சவன் ராசாவோ, இல்லையோ?"

"ராசாதான் அண்ணை. றோட்டைப் பாருங்கோ."

யாழ்ப்பாணத்துச் சங்கிலியனை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. நானூற்றைம்பது வருஷங்களுக்கு முன், பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயர் கப்பலில் வந்து மூக்கை நுழைத்த காலத்தில், நல்லூரில் முடி தரித்தவன் அவன். பட்டத்தரசியின் பிள்ளை அல்ல, ஆசைநாயகியின் பிள்ளை என்பது பழங்கதை. மூத்த இளவரசர்களில் ஒருவனை நஞ்சு வைத்தும் ஒருவனைக் கத்தியால் குத்தியும் தீர்த்து, இன்னொருவன் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து முடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டானாம். பிற்காலத்தவர் கட்டிய கதை என்று மறுப்பவர்களும் உண்டு. மன்னாரில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய சனத்தை அவன் வெட்டியதை மட்டும் ஒருவரும் மறுப்பதில்லை.

ஒக்ரோபர் 11, வெள்ளி

காலை பதினொரு மணிக்குப் புவனாவும் நானும் பஸ்ஸில் தமிழ்க் கடைக்குப் போனோம். ரிக்கெட் இரண்டு டொலர். முருங்கைக்காய், கருவாடு, பனங்கட்டி எல்லாம் எங்கள் ஈஸ்ட்ஹாமில் இருப்பவைதான். ஆனால் இங்கே கடைக்கு முன்னால் நூறு கார் விடலாம். லண்டனில் ஒரு கார் நிறுத்த இடம் பிடிப்பதற்குள் பாதிச் சாமான் வாடிவிடும்.

கடைக் கண்ணாடியில் மஞ்சள் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. 'மாபெரும் வழக்காடு மன்றம். சங்கிலியன் உரிமையுள்ள அரசனா?' வழக்குத் தொடுப்பவர் மரியதாஸ். எதிர்வாதம் செல்வநாதன். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'நடுவர்: லண்டன் புகழ் சட்டமேதை சந்திரா!'

"எடியே புவனா, உது ஆர்?"

"வாற நடுவருக்கு முழங்கால் வருத்தம். வெளியூர் ஆள் எண்டால் ரெண்டு பகுதிக்கும் பொது எண்டு இவர் போட்டிட்டார். கேட்டால் மாட்டன் எண்டுவாய் எண்டுதான் கேக்கேல்லை."

எங்கள் சனம் எந்த நாட்டில் குடியேறினாலும் இந்தப் பழக்கம் மட்டும் விசா இல்லாமல் கூடவே வந்துவிடுகிறது. முதலில் பெயரை அச்சடிப்பார்கள், பிறகு ஆளைத் தேடுவார்கள். வந்த கோபத்தில் அடுத்த விமானத்தில் திரும்பியிருப்பேன். புவனாவின் கண் கலங்கியதைப் பார்த்துத்தான் அடங்கினேன்.

தேத்தண்ணிக் கடையில் இருத்தி விஷயத்தைச் சொன்னாள். மரியதாஸ் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், அஜக்ஸில் வீடு. ஒஷாவாவில் செல்வநாதன் அண்ணையோடு ஒரே தொழிற்சாலையில் வேலை, ஒரே காரில் பயணம். அவருடைய மகன் ஜூட்டுக்கும் புவனாவின் மகள் விஜிக்கும் விருப்பம். சமயத்தைச் செல்வநாதன் அண்ணை ஒருமாதிரி விழுங்கிவிட்டார். தொண்டையில் நின்றது வேறொன்று. மரியதாசின் தாய், அவர் தகப்பனுக்கு இரண்டாவதாக வந்தவள். கோயிலில் கைப்பிடித்தவள் அல்ல. அதைத்தான் ஒரு வருஷமாக 'விசாரிக்கிறார்'. ரொறன்ரோவில் உள்ள மன்னார்க்காரரையெல்லாம் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்க, ஒவ்வொருவரும் அதை அப்படியே மரியதாசிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

"காருக்கை சண்டையோ?"

"அதைப் பற்றி ஒரு வசனம் கதைக்கமாட்டினமாம். சங்கிலியன்ர தாயைப் பற்றித்தான் சண்டை, போகேக்கையும் வரேக்கையும். உதை ஆரோ கேட்டு மேடையேத்தியாச்சு. இவர் வெண்டால் அந்த மனுசனுக்குச் சபையிலை அவமானம். தோத்தால் இவர் சம்பந்தத்தையே விட்டிடுவார். என்ர பிள்ளை பாவமடி."

மாலையில் விஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, ப்ளீஸ். ரை ஆக்கிவிடுங்கோ. நோ வின்னர்." வழக்காடு மன்றத்தில் சமன் கிடையாது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்ல?

ஒக்ரோபர் 12, சனி

ஐந்து மணி நிகழ்ச்சி, வழக்கம்போல ஆறு இருபதுக்குத் தொடங்கியது. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். வாசலில் றோல்ஸ் ஒரு டொலர், தேத்தண்ணி இலவசம். வாசலால் வந்தவர்கள் 'லண்டன் சட்டமேதை' என்று எனக்குக் கும்பிடு போட்டார்கள். உரிமையில்லாத பட்டம் தலையில் ஏறினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

மரியதாஸ் மெலிந்த மனிதர், கடன் வாங்கிய கோட்டு. மன்னார் வெட்டைத்தான் எடுப்பார் என்று சபை காத்திருந்தது. அவர் அதைத் தொடவேயில்லை. பட்டத்தரசியின் பிள்ளைகள் இருக்க, இன்னொருத்தியின் பிள்ளைக்கு முடி ஏது என்று பத்தே நிமிஷத்தில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கே சப்பென்றிருந்தது.

செல்வநாதன் அண்ணை பட்டுச் சால்வையோடு எழுந்தார். மேடைத் தமிழ் மடை திறந்தது.

"நடுவர் அவர்களே! வீரனுக்கு எதற்கு வம்சாவளி? தாயின் கழுத்தில் தாலி இருந்ததா என்று பார்த்தா பகைவன் ஓடினான்? பெற்றவளைக் காட்டிப் பிள்ளையைத் தாழ்த்துவது தமிழனுக்கு அழகா? பிறப்பைக் கிளறுகிறவன் மனிதனே அல்ல!"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் விசில். மூன்றாம் வரிசையில் புவனா மட்டும் தலையில் கை வைத்திருந்தாள்.

வழக்காடு மன்ற முறைப்படி குறுக்குக் கேள்விக்கு நேரம் கொடுத்தேன். மரியதாஸ் ஆறுதலாக எழுந்து வந்தார்.

"பிறப்புப் பெரிதல்ல என்பது உங்கள் முடிவான கருத்தா?"

"முடிவானது!"

"தாய் முறைப்படி கைப்பிடிக்காதவள் என்றாலும்?"

"என்றாலும்!"

"இந்தச் சபைக்கு முன்னால் சத்தியமாக?"

"நல்லூர்க் கந்தன்மேல் சத்தியமாக!"

மரியதாஸ் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். மேடைத் தமிழ் அவரிடமிருந்து கழன்றுவிட்டது.

"நடுவர் அம்மா, நான் தோத்திட்டன். சங்கிலியன்தான் ராசா. அண்ணை, இனி என்ர மகனுக்கு உங்கட விஜியைத் தாருங்கோ."

யாரோ சிரிக்க, சபையே வெடித்தது. செல்வநாதன் அண்ணை என்னைப் பார்த்தார். எனக்குள் இருந்த போலிச் சட்டமேதை விழித்துக்கொண்டாள். மேசையைத் தட்டினேன்.

"எதிர்வாதி தன் வாதத்தைத் திரும்பப் பெறுகிறாரா, அல்லது நாள் சொல்லுகிறாரா?"

"சொல்லுங்கோவன், சபை பாத்துக்கொண்டிருக்கு!" என்றது மூன்றாம் வரிசைக் குரல். முப்பது வருஷக் குடித்தனத்தில் புவனா அவரை நோக்கி அப்படிக் கத்தியதை நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "தையிலை வைப்பம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தீர்ப்பு எனக்குத்தானே சந்திரா?" என்று கேட்டார்.

"உங்களுக்கேதான் அண்ணை."

ஒக்ரோபர் 17, வியாழன்

இடைப்பட்ட நாட்களில் நயாகரா பார்த்தேன். தண்ணீர் நிறைய விழுகிறது. அதை வேறு பலர் எழுதிவிட்டார்கள்.

விமான நிலையத்துக்கு மரியதாஸ்தான் கொண்டுபோய் விட்டார். கல்யாணப் பேச்சில் இரு வீடும் மூழ்கியிருக்க, அவர் தானாகவே கேட்டு வந்தார். 401 ஓரமெங்கும் மேப்பிள் சிவந்து கிடந்தது. மனம் தாங்காமல் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. சங்கிலியன் உரிமைக்காரனோ?"

"இல்லைத் தங்கச்சி. எங்கட சனத்தை வெட்டினவன். நான் இப்பவும் இல்லையெண்டுதான் சொல்லுவன்."

"அப்ப மகனுக்காகத்தான் தோத்தியளோ?"

"மகனுக்காகவுந்தான். என்ர அம்மா திருநாளுக்குக் கோயிலுக்குப் போனாலும் கடைசி வரிசை வாங்கிலைதான் இருப்பா. முன்னுக்கு வரச்சொல்லி ஆரும் ஒருநாளும் கேட்டதில்லை. அண்டைக்குச் செல்வநாதன் அண்ணை, பெத்தவளைக் காட்டிப் பிள்ளையைத் தாழ்த்தக்கூடாது எண்டு சொல்லேக்கை, மண்டபம் முழுக்கக் கைதட்டினது. எனக்கு அது காணும், வேறை தீர்ப்பு வேண்டாம்."

லண்டனிலும் நாங்கள் ஆளைக் கண்டால் ஊர் கேட்போம், ஊர் சொன்னால் பகுதி கேட்போம், பகுதி சொன்னால் தாயைக் கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன். இனிக் கேட்க வாய் வருமா தெரியவில்லை. வாசலில் பெட்டியை இறக்கித் தந்துவிட்டு, "தைக்கு வந்திடுங்கோ தங்கச்சி, அம்மா உயிரோடை இருக்கிறா, கூப்பிட்டிருக்கிறன்" என்றார். "முன் வரிசையிலை இருத்தப்போறன்."