மைதீன் பாய் எண்ணாத ஒரு வாக்கு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், எனக்குப் போன் வந்திருப்பதாக அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். "நான் தாராவியிலேருந்து சாகுல் பேசுதேன். தோல் பட்டறை மைதீன் பிச்சை மகன். வாப்பா காலையில மவுத்தாயிட்டாவ. உங்களுக்குச் சொல்லணும்னு முன்னாலேயே எழுதி வச்சிருந்தாவ" என்றது மறுமுனை. ரிசீவரை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நான்கு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், சாகும்போது என்னை எதற்கு நினைத்தார்? இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. என் புத்தி அப்படி. பால்காரன் ஒரு நாள் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால்கூட ஏன் என்று யோசிக்கிறவள் நான்.

இதைப் படிக்கும் பொம்மலாட்டப் பேரவை உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மைதீன் பாயை நேரில் தெரியும். மீதிப் பேருக்கு அவரைப் பற்றி நான் சொன்னதுதான் தெரியும். பாய் விலைபோய்விட்டார் என்று சொன்னேன். மாதுங்காவில் சொன்னேன், செம்பூரில் சொன்னேன், தில்லித் தலைமைக்குக் கடிதமும் எழுதினேன். ஆகவே இந்த அஞ்சலியை எழுதும் பொறுப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களில் கைப்பொம்மை ஆட்டம் நடத்துவேன். என் ராஜா பொம்மையின் தாடை ஒருமுறை கிழிந்துபோக, தோல் வேலை தெரிந்தவர் என்று யாரோ சொல்லி தாராவிக்குப் போனேன். பை தைக்கும் பட்டறை. மைதீன் பாய் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், காதில் ஒரு வெள்ளைப் பென்சில் செருகியிருந்தார். கறுப்புத் தோலில் கோடு போடுகிற பென்சில் அது. தாடையைப் புதிதாகவே தைத்துக் கொடுத்தார். கண்கள் இருந்த இடமும் நைந்திருக்கிறதே, அதையும் சேர்த்துச் செய்யுங்கள் என்றேன். "கண்ணு மட்டும் நான் வைக்க மாட்டேம்மா. உசுரு குடுக்கது நம்ம வேலை இல்ல. அத நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். வேலையைத் தட்டிக்கழிக்கச் சாமர்த்தியமாகச் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு பார்த்தேன், யார் கேட்டாலும் அவர் கண் வைத்ததில்லை.

நிழலாட்டப் பாவைகளுக்கான மெல்லிய ஆட்டுத்தோலும் அவரிடம்தான் நன்றாகக் கிடைக்கும். கொங்கண் பக்கத்துப் பாவைக்காரர்கள் அதற்காகவே பஸ் ஏறி வருவார்கள். தோலை அவர் கண்ணால் பார்த்ததைவிடக் கட்டைவிரலால் பார்த்ததுதான் அதிகம். "கண்ணு ஏமாந்துரும்மா, வெரலு ஏமாறாது" என்பார். நான் சும்மா இருப்பேனா? ஒருநாள் அவர் கண்ணை மூடச் சொல்லி உளியால் ஓட்டையிட்ட இரண்டு தோல் துண்டுகளைக் கொடுத்துச் சோதித்தேன். எதில் உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பதுவரை சொன்னார். ஓரக்கண்ணால் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரவையில் அவரைக் கைவினை உறுப்பினராகச் சேர்த்தது நான். சில வருஷம் கழித்து ஆட்சிக்குழுத் தேர்தல் வந்தது. மேற்கு மண்டலத்துக்கு ஒரே ஓர் இடம். எந்தக் குழு எந்த விழாவுக்குப் போவது என்பதை ஆட்சிக்குழுதான் தீர்மானிக்கும்; அதில் பம்பாய்த் தமிழர் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. எதிரில் நின்றவர் தாதரைச் சேர்ந்த சப்னிஸ், நூல்பாவை ஆட்டக்காரர், ஆள்கட்டு உள்ளவர். தேர்தல் அதிகாரியாக மைதீன் பாயை நான் முன்மொழிந்தேன். நேர்மையானவர் என்று மேடையில் சொன்னேன். என் ஆள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சப்னிஸ் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அப்போதே எனக்கு உறுத்தியது.

வாக்குச் சீட்டுகள் தபாலில் போய்த் தபாலில் வர வேண்டும். பழுப்பு நிற மட்டத் தாள், மேலே என் பெயர், கீழே சப்னிஸ் பெயர், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். கொங்கண் பாவைக்காரர்களின் வாக்குதான் முடிவு செய்யும் என்று எனக்குத் தெரியும். லீவு போட்டுவிட்டு அவர்கள் ஊருக்கே போய் இரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றமாதிரி பாவைகளை எப்படிச் சின்னதாக்கலாம், கதையை எப்படிச் சுருக்கலாம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் பக்கம்தான் என்று உறுதியோடு திரும்பினேன்.

எண்ணிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதுங்காவில் ஒரு பள்ளி வகுப்பறையில் நடந்தது. பாய் முழங்கைவரை கைகழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் பேனாவால் குறியிட்ட சீட்டுகள். அதில் நான் முந்திக்கொண்டிருந்தேன். நடுவே ஒரு சீட்டு வெறுமையாக வந்தது. அதை அவர் ஜன்னல் பக்கம் தூக்கி, மற்ற எந்தச் சீட்டையும்விட அதிக நேரம் பார்த்தார். பிறகு, "இதுல ஒண்ணும் தெரியல, செல்லாது" என்று தனியே வைத்தார். வெற்றுத் தாளில் என்ன இத்தனை நேரப் பார்வை என்று குறித்துக்கொண்டேன்.

கடைசியாகக் கொங்கண் உறைகளைப் பிரித்தபோது எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கினோம். ஒரு சீட்டிலும் பேனாக் குறி இல்லை. ஓட்டைகள்தான் இருந்தன. பாவைகளின் கைகால்களை அவர்கள் எப்போதும் தோலை இரட்டையாக மடித்தே வெட்டுவார்கள்; இரண்டும் ஒன்றுபோல் வர வேண்டுமே. சீட்டையும் எழுத்து வெளியே தெரிய மடித்து, பழக்கப்பட்ட உளியை வைத்துத் தட்டியிருக்கிறார்கள். ஓட்டை என் கட்டத்திலும் விழுந்திருந்தது, சப்னிஸ் கட்டத்திலும் விழுந்திருந்தது.

எல்லாவற்றையும் தள்ளிவிடலாம் என்றார் சப்னிஸ். நான் எழுந்துவிட்டேன். உளி பிடித்த கைக்கு ஓட்டைதான் கையெழுத்து, அவர்கள் வாக்கைக் குப்பையில் போட விடமாட்டேன் என்று அரைமணி நேரம் வாதாடினேன். எந்தப் பெயர் மேலே இருக்கும்போது உளி இறங்கியது என்பதை மைதீன் பாய் விரலால் சொல்வார் என்றேன். பாய் என்னைப் பார்த்தார்.

"எண்ணணும்னே சொல்லுதீங்களாம்மா?"

"ஆமாம் பாய்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எண்ணுன பெறவு பேச்சு மாறக் கூடாது."

"எண்ணுங்கோ" என்றேன். சப்னிஸும் வேறு வழியின்றிச் சம்மதித்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் மாதுங்காவில் பட்டப்பகலில் செய்தேன்.

பாய் ஒவ்வொரு சீட்டாகக் கட்டைவிரலை ஓட்டினார். உளி நுழைந்த பக்கம் ஓரம் உள்ளே அமுங்கியிருக்கும், வெளியே வந்த பக்கம் தாள் பிசிறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். ஏறக்குறைய எல்லாமே சப்னிஸ் பக்கம் போயின. சப்னிஸிடம் "ஹாத் லகாகே தேக்கோ" என்று நீட்டினார். அவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அடுத்து என்னிடம் நீட்டினார். "தொட்டுப் பாருங்கம்மா. உங்களுக்கே தெரியும்."

நான் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரே ஒரு வாக்கில் தோற்றேன். முடிவை எழுதிக் கையெழுத்திடும் முன்பு, செல்லாத சீட்டு கிடந்த பக்கம் பாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கேதான் ஏதோ திருட்டுத்தனம் என்று என் மனம் முடிவு கட்டியது.

வாசலில் அவரை மறித்தேன். "எத்தனை நாள் திட்டம் பாய் இது? ரெண்டு ரெண்டு தடவை கேட்டு என்னை மாட்டிவிட்டேளே. அவா எனக்குத்தான் போட்டிருப்பா, எனக்குத் தெரியும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அவுக வீட்டுல தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்த இரண்டு நாளும் மாதுங்காவிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தையும் என் கூஜாத் தண்ணீரையும் வைத்துத்தான் ஓட்டினேன். அவர்கள் நீட்டிய டம்ளர்களைப் புன்னகையோடு வேண்டாம் என்றேன். தோல் வாங்க வந்தவர்கள் இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று அது எனக்கு அவமானமாகப் படவில்லை, ஆதாரமாகப் பட்டது. அவர்களும் இவரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்! அப்படியானால் கூட்டுச்சதிதானே.

இரண்டு மாதம் கழித்து சப்னிஸ் தன் பாவைகளுக்குத் தோல் பெட்டிகள் செய்ய அதே பட்டறையில் ஆர்டர் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். போதாதா எனக்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊரெல்லாம் சொன்னேன். கிளைச் செயலாளர் என்ற முறையில் வாக்குச் சீட்டுக் கட்டு அரக்கு முத்திரையோடு என்னிடம்தான் இருந்தது. "ஆதாரம் என் பீரோவில் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே நான்கு வருஷம் கழித்தேன். ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. பாய் பேரவையிலிருந்து விலகினார். எனக்கு ஒரு பதில்கூட எழுதவில்லை. பதில் இல்லாதவன்தான் வாயை மூடிக்கொள்வான் என்று அதையும் அவர் கணக்கிலேயே எழுதினேன். ஒருமுறை வடாலா ஸ்டேஷனில் எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் தாராவிக்குப் போனபோது ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். உள்ளே பெண்கள் மட்டும். அவர் மனைவி பாத்திமா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். எனக்கு ஏன் சொல்லியனுப்பினீர்கள் என்று அங்கேயும் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இரு பக்கமும் வெறும் வெள்ளை.

"ஆஸ்பத்திரியில வச்சு எழுதுனாவ. யார் யாருக்குச் சொல்லணும்னு. எங்க போனாலும் அந்த வெள்ளைப் பென்சில்தான். அவுக எழுதுனது யாரு கண்ணுக்குத் தெரிஞ்சுது? சாமான் சீட்டக்கூட வெளிச்சத்துல சாய்ச்சு வச்சுத்தான் நான் படிப்பேன். தாளு பழுப்பா இருந்தாலும் அதே கதைதான். எத்தன வருசமா ஏசியிருக்கேன், கேட்டாவளா?"

தாளைச் சாய்த்துக் காட்டினார். மெழுகு மினுங்குவதுபோல் எழுத்துகள் தெரிந்தன. நாலாவது பெயர் என்னுடையது, மாதுங்கா சாரதாம்மா.

எப்படி விடைபெற்றேன் என்று நினைவில்லை. மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்து கட்டை எடுத்து, பால்கனி வெளிச்சத்தில் அரக்கை உடைத்தேன். முதலில் கொங்கண் சீட்டுகள். கட்டைவிரலை ஓட்டினேன். என் பெயர்ப் பக்கம் பிசிறு, சப்னிஸ் பெயர்ப் பக்கம் அமுக்கம். ஒன்று, இரண்டு, ஏறக்குறைய எல்லாமே. டைப் அடித்து மரத்துப்போன என் விரலுக்கே தெரிந்தது. அன்றைக்குத் தொட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிறகு அந்த வெற்றுச் சீட்டு. சாய்த்துப் பிடித்தேன். என் பெயருக்கு எதிரே, கட்டத்துக்குள், தோலில் வெட்டுமிடம் குறிப்பதுபோல் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி. வெள்ளையில்.

மங்கலான பட்டறையில் காதிலிருந்து கைக்கு வந்த பென்சிலால் போட்டு, மடித்து, தபாலில் சேர்த்திருப்பார். எண்ணும்போது ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தபோதுதான் தன் தவறு அவருக்கே தெரிந்திருக்கும். "இது என் வாக்கு, சாய்த்துப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் சமமாகி, சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பார்கள். தேர்தல் அதிகாரி தன் வாக்கைத் தானே வாதாடி எடுப்பதா என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு முறை ஏன் என்னைக் கேட்டார் என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டைகளை முன்பே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் காப்பாற்ற நினைத்தாரா என்ற சந்தேகம் இருக்கிறது. சந்தேகம் என்னை விட்டுப் போகாது.

நான் சொன்னதைக் கேட்டு அவரைத் தவிர்த்த எல்லோருக்கும் சொல்கிறேன். நான் சொன்னது பொய். அவர் காது கேட்க இதைச் சொல்லியிருக்க வேண்டும். வடாலாவில் பேப்பரை இறக்கியிருந்தால் போதும்.

என்னிடம் அவர் தைத்த தாடை இருக்கிறது, அதன் மேல் நான் வைத்த கண்கள் இருக்கின்றன. சீட்டுக் கட்டை மறுபடி கட்டித் தில்லிக்கு அனுப்பிவிட்டேன், என் மன்னிப்புக் கடிதத்தோடு. ஒரு சீட்டை மட்டும் அனுப்பவில்லை. விதிப்படி அது குற்றம். முடிவு இனி மாறப்போவதில்லை. ஒரு வாக்கில் தோற்றேன். அந்த ஒரு வாக்கு என்னிடம் இருக்கிறது.