கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பாக்குரல்

கதிராமனுக்கு எழுத்தாளனாகும் ஆசை எப்போது வந்தது என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. வாசகர் வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்பது மட்டும் திட்டமாகத் தெரியும். முதல் கதையை எழுதி முடித்த அடுத்த நிமிடமே வந்துவிட்டது.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்து ஆள் அவன். ஊரில் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கோ வள்ளத்தில் கால் வைத்தாலே தலை சுற்றும். அதனால் முப்பத்துநாலு வயதிலும் காலையில் சைக்கிளை எடுத்து, ஆமியின் சென்றிப் பொயின்ற்றுகளில் இறங்கி அடையாள அட்டை காட்டி, திருகோணமலை டவுனில் உட்துறைமுக வீதியிலிருந்த பாக்கியரத்தினம் அண்ணரின் கொமினிகேசனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு கொம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிறவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. கடை அவ்வளவுதான். அண்ணர் பின்னேரம் வந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் கதிராமன்தான் ராசா.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அவன் ஒரு வலைப்பூ தொடங்கினான். பெயர் 'உப்புக்காற்று'. தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சல்லிக்கரையான்'. முதலில் எழுதியது ஒரு சோழ இளவரசியின் காதல் கதை. அடுத்தது மழையில் நனைந்த காதல். அதற்கடுத்ததும் காதல்தான், மழை மட்டும் இல்லை. வாசித்தவர் எத்தனை பேர் என்று காட்டும் எண்காட்டி ஒன்றைப் பக்கத்தின் அடியில் பொருத்தியிருந்தான். அது நாளொரு மேனியாக ஏறியது. பிறகுதான் தெரிந்தது, அவன் தானே திறந்து திறந்து பார்த்ததையெல்லாம் அது எண்ணிக்கொண்டிருக்கிறது என்று. மனுசன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

சும்மா இருந்தானா? ஊர் பேர் தெரியாதவர்களின் பக்கங்களுக்கெல்லாம் போய், வாசித்தும் வாசிக்காமலும், 'அருமை! நேரம் கிடைத்தால் என் பக்கமும் வந்து போங்கள்' என்று பின்னூட்டம் போட்டான். அதற்கும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் 'ஒரு வாசகி' என்ற பெயரில் தன் கதையைத் தானே புகழ்ந்து எழுதினான். எழுதிய கையோடு 'நன்றி சகோதரி' என்று பதிலும் போட்டான். அந்தப் பகிடியை நினைத்தால் பிறகு தனியே இருக்கும்போதுகூட அவனுக்கு முகம் சூடாகும்.

அவனைத் தூக்கிவிட்டது அந்தக் கண்ணாடிக் கூண்டுதான். வெளிநாட்டுக்குக் கதைக்கிற எங்கள் சனம் தூரத்துக்கு ஏற்றமாதிரிக் குரலைக் கூட்டும். கனடா என்றால் கூண்டே அதிரும். ஒருநாள் இறக்கக்கண்டியிலிருந்து வந்த ஒரு கிழவர் பிரான்சிலிருக்கும் மகனோடு கதைத்தார். கொடுத்த நேரம் முழுவதும் தன் நாய்க்குட்டியைப் பற்றியே கதைத்துவிட்டு, வைக்கப்போகும்போது மட்டும், "வீடு எரிஞ்சு போச்சு தம்பி, அது பரவாயில்லை" என்றார். கதிராமன் அதை அப்படியே எழுதிப் போட்டான். பின்னேரத்துக்கிடையில் பதினேழு பின்னூட்டம். கனடாவிலிருந்து ஒருவர், 'உங்கட எழுத்திலதான் ஊர் மணக்குது அண்ணை' என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒருவருக்குக் கண்கள் பனித்திருந்தன. வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டுகிற திரட்டியின் முகப்பில் அவனுடைய பெயர் இரண்டு நாள் நின்றது.

ருசி கண்டுவிட்டான். வியாழன்தோறும் 'கண்ணாடிக்கூண்டு' என்ற தலைப்பில் ஒரு கதை என்று அறிவித்தான். ஒவ்வொரு கதையின் அடியிலும் 'யாவும் கற்பனை' என்று ஒரு வரி. கற்பனைக்கு அவன் பட்ட பாடெல்லாம் பெயரை மாற்றுவதோடு சரி. தன் கதிரையைக் கூண்டுப் பக்கமாக நகர்த்திப் போட்டான். அதுவும் போதாமல், யாராவது உள்ளே போனால் மேலே சுற்றுகிற ஃபானை நிற்பாட்டத் தொடங்கினான். பழைய ஃபான், கடகடவென்று சத்தம் போடும், கதை விளங்காது. கரண்ட் மிச்சம் பிடிக்கிறான் என்று பாக்கியரத்தினம் அண்ணர் சந்தோசப்பட்டார். வந்தவர்கள் வேர்த்து வடிய நின்று தங்கள் துக்கங்களைக் கத்திச் சொன்னார்கள்.

அடுத்த வருசம் ஆவணியில் மூதூரில் சண்டை வந்து சனம் கால்நடையாகக் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. சில மாதம் கழித்துத்தான் ஸல்ஹா கடைக்கு வரத் தொடங்கினாள். மூதூர்ப் பெண். ஜமாலியாவில் அக்கா அசனாவின் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். புருசன் அபூதாஹிர் கட்டாரில் வேலை. அவனுக்கு லீவு வெள்ளிக்கிழமை, அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபிறகு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். கதிராமன் நம்பரை அடித்துக் கொடுப்பான், அவள் உள்ளே போவாள், அவன் ஃபானை நிற்பாட்டுவான்.

முதல் நாளே அவனுக்கு ஒரு விசயம் புதிராக இருந்தது. கதைத்துக்கொண்டிருந்தவள் கைப்பையிலிருந்து ஒரு பாக்குரலை எடுத்தாள். பல் போனவர்கள் வெற்றிலை பாக்கு இடித்துப் போடுகிற சின்னப் பித்தளை உரல். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை டொக்கு டொக்கென்று இடித்தாள். உரலுக்குள் ஒன்றும் இல்லை.

"கேக்குதா? இந்தா, உங்கட உம்மா பக்கத்திலதான் இருக்கா. வெத்தில இடிக்கிறா. அவக்குத்தான் காது கேக்காதே, போனப் புடிக்க மாட்டேங்கிறா. உங்களுக்கு துஆச் செய்றாவாம்."

கூண்டுக்குள் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

வெளியே வந்ததும் வாங்குப் பலகையில் இருந்த அசனா குரலைத் தணித்துத்தான் ஏசினாள். ஃபான் ஓடாத கடையில் தணித்த குரலுக்கு என்ன மறைவு?

"மாமி மௌத்தாகி மூணு மாசம் புள்ள. கந்தளாயில அடக்கின மையத்து. இன்னும் எத்தின நாளைக்கு இதப் போட்டு இடிச்சிக்கிட்டு இருக்கப்போறாய்?"

"சொன்னா அடுத்த பிளேன்ல ஏறிருவார் தாத்தா. ஒரே மகன். கொழும்பில எறங்கி இந்த ரோட்டால வீடு வந்து சேருவாரா? வழியில காணாமப் போறவங்கட கதய நீங்களும் கேக்கிறதானே. ரோடு நல்லா வரட்டும், நானே சொல்லுறன்."

கதிராமனுக்கு நெஞ்சு அடைத்தது. பொய்யில்லை, உண்மையாகவே அடைத்தது. ஆனால் அடைத்த நெஞ்சோடேயே போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். இதை எழுதக்கூடாது என்று மூன்று வாரம் பொறுத்தான். நாலாவது வாரம் கையில் வேறு கதை கிடைக்கவில்லை. வியாழன் வந்துவிட்டது. கனடாக்காரர் 'இந்தக் கிழமை என்ன அண்ணை?' என்று காலையிலேயே கேட்டுவிட்டார். ஸல்ஹாவைச் சுபைதா ஆக்கினான், கட்டாரைச் சவுதி ஆக்கினான். மூதூரை மாற்ற மனம் வரவில்லை, மாற்றினால் உயிர் போய்விடும் என்று பட்டது. உரலையும் அப்படியே விட்டான். உரல்தானே கதை!

அப்படி ஒரு வரவேற்பை அவன் கனவிலும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பின்னூட்டம் நூறைத் தாண்டியது. யாரோ ஒருவர் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டார், இன்னொருவர் மின்னஞ்சல் குழுமத்துக்கு அனுப்பினார். முஸ்லிம் வாசகர்கள் பலர், ஒரு மௌத்துச் செய்தி காதில் விழுந்தால் சொல்கிறதுபோல, 'இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்று எழுதினார்கள். 'அந்தத் தாயின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக' என்று எழுதினார்கள். இல்லாத ஒரு சுபைதாவின் மாமிக்குக் கண் காணாத நாடுகளிலிருந்து துஆ வந்து குவிந்தது. கதிராமன் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னான். சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பாட்டுக்கூடப் பாடினான்.

புதன்கிழமை கலீலுர் றஹ்மான் என்பவரின் பின்னூட்டம் வந்தது.

'நாங்கள் கட்டாரில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்களோடு இருக்கும் மூதூர்ச் சகோதரர் ஒருவர் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போய்விட்டார். அவருடைய வீட்டிலிருந்து கோல் வரும்போதும் உரல் சத்தம் கேட்குமாம். தயவுசெய்து சொல்லுங்கள், இது உண்மையில் நடந்ததா?'

கதிராமன் கதையை அழித்துவிடலாமா என்று யோசித்தான். அழித்தால் உண்மை என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொன்னான். அது அரை நியாயம். மிச்ச அரை என்னவென்றால், நூற்றிநாற்பது பின்னூட்டத்தை அழிக்க அவனுக்கு மனமில்லை. அதை அவன் தெரிந்துகொண்டேதான் பதில் எழுதினான்.

'அன்பின் சகோதரருக்கு, முழுக்க முழுக்கக் கற்பனை. மூதூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. உங்கள் நண்பரின் தாயார் நீடூழி வாழ்க.'

அடுத்த நாள் மறுமொழி வந்திருந்தது. 'அல்ஹம்துலில்லாஹ். இதைக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். திரும்ப வந்திருந்து சாப்பிட்டார். அவருடைய உம்மாவின் நீண்ட ஆயுளுக்கு அறையில் எல்லோரும் துஆச் செய்தோம். உங்கள் எழுத்துப் பணி தொடரட்டும்.'

கதிராமன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். அந்தக் கிழமை கண்ணாடிக்கூண்டு வெளிவரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸல்ஹா தனியாக வந்தாள். அசனாவுக்குக் காய்ச்சலாம். அவன் நம்பரை அடித்துக் கொடுத்தான். இன்றைக்கு ஃபானை நிற்பாட்டக்கூடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன், அவள் உள்ளே போனதும் சுவிச்சில் கையை வைத்தான். பயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டான்.

"ஓம், சுகம்தான்... என்ன கதை?... கொம்பியூட்டர்லயா?" என்றவள் அதன்பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். மறுபக்கம் அபூதாஹிர் சிரிப்பது ரிசீவரைத் தாண்டி வெளியே கேட்டது. ஸல்ஹா மெல்லத் திரும்பிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். கதிராமனைப் பார்த்தாள், கூண்டை ஒட்டிப் போட்டிருந்த அவனுடைய கதிரையைப் பார்த்தாள், மேலே அசையாமல் நின்ற ஃபானைப் பார்த்தாள். பிறகு அவனிலிருந்து கண்ணை எடுக்காமலே கைப்பைக்குள் கையை விட்டு உரலை எடுத்தாள்.

"ஓம்... இந்தா இடிக்கிறா... கேளுங்க."

டொக்கு டொக்கென்று இடித்தாள். அவளுடைய கண் அவனைவிட்டு நகரவில்லை. கதிராமன் மேசையில் கிடந்த ரசீதுப் புத்தகத்தைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான்.

கோலை வைத்துவிட்டு வெளியே வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

"அந்தக் கதய எனக்குக் காட்டுங்க அண்ணன்."

"தங்கச்சி, நான் வந்து..."

"காட்டுங்க."

காட்டினான். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. ஃபானைப் போட எழும்பக்கூட அவனுக்குத் துணிவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "இதில நான் கண்ணாடியில சாஞ்சி அழுறன். நான் அழல்ல அண்ணன். அழுதா அவருக்குக் கேட்டிரும்."

"வாசிக்கிற ஆக்களுக்காக அப்பிடிப் போட்டனான்" என்றான். சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கே உறைத்தது.

"கீழ இருக்கிறது என்ன?"

"வாசிச்ச ஆக்கள் எழுதினது."

அவள் கீழே வாசித்துக்கொண்டு போனாள். இன்னாலில்லாஹி. கப்ரை விசாலமாக்குவானாக. சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. லண்டன், ரியாத், கொழும்பு, மெல்பேர்ண். வாசிக்க வாசிக்க, கோலில் அழாதவளின் முகம் இங்கே உடைந்தது.

"எங்கட மாமி மௌத்தான அண்டைக்கு மையத்தத் தூக்க ஆளில்ல" என்றாள். "ரோட்டால போனவங்களக் கூப்பிட்டுத் தூக்கினம். இஞ்ச பாத்தா இவ்வளவு பேர் அவட கப்ருக்கு துஆக் கேட்டிருக்காங்க. பெத்த மகன் மட்டும் அவ நீடூழி வாழணும் எண்டு கேட்டுக்கிட்டு இருக்கார். நீங்கதான் அப்பிடி எழுதினீங்களாம்."

கதிராமன் வாயைத் திறந்தான். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் 'பரவாயில்லை' என்று ஒரு சொல்லை அவளிடமிருந்து கேட்டு வாங்குவதுபோல இருக்கும் என்று பட்டது.

ஸல்ஹா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உரலை அவனுடைய மேசையில் வைத்தாள்.

"திரும்ப அடிங்க" என்றாள். "சொல்லத்தான் வேணும். ஊருக்கெல்லாம் தெரிஞ்ச மௌத்து, அவருக்குத் தெரியாம இருக்கக்கூடாது."

"அவர் வெளிக்கிட்டு வந்திட்டாரெண்டா? இந்த ரோட்டால..."

"அத முந்தியே யோசிச்சிருக்கணும் நீங்க."

அவன் நம்பரை அடித்தான். விரல் பிழைத்து இரண்டாம் தரமும் அடித்தான். மணி போனதும் ரிசீவரை நீட்டினான். அவள் கூண்டின் கதவைச் சாத்தப்போனவள் நின்று சொன்னாள்.

"அந்த ஃபானப் போடுங்க."

போட்டான். கடகடவென்று அது சுற்றத் தொடங்கியது. அதோடு நிற்காமல் கதிரையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், கூண்டுக்கு முதுகைக் காட்டி இருந்தான். எதிரே துறைமுகத்தில் மூதூருக்குப் போகிற வள்ளம் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மகனுக்கு அவனுடைய உம்மா அந்த நிமிடம் மௌத்தாகிக்கொண்டிருந்தா. அதற்கு அவள் சொல்லியிருக்கக்கூடிய சொற்களில் ஒன்றுகூட அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் போகும்போது உரலை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அந்தக் கடைக்கு வரவேயில்லை. அபூதாஹிர் வந்தானா, வந்திருந்தால் வீடுவரை சேர்ந்தானா என்று கேட்க ஜமாலியாவுக்குப் போகக் கதிராமனுக்கு முகமில்லை.

அன்று பின்னேரமே அவன் அந்தக் கதையை அழித்தான். கொஞ்ச நாளில் 'உப்புக்காற்று' முழுவதையும் அழித்தான். ஏன் எழுதுவதில்லை என்று யாராவது கேட்டால் நேரமில்லை என்பான். ஆனால் கதையை அழிக்கிற பொத்தானை அமத்துவதற்கு முன்னால், கண்ணாடியில் அவளுடைய மூச்சுப் படிந்த ஈரம்கூடக் காயாத அந்த நேரத்தில், நூற்றிநாற்பது பின்னூட்டத்தையும் மேலிருந்து கீழ்வரை கடைசியாக ஒருதரம் ஆசையோடு வாசித்தான். கதையை எழுதியதைக்கூட அவன் ஒருவேளை தனக்கு மன்னித்திருப்பான். இதை மன்னிக்கவில்லை.