வாய்க்கரிசி

சுங்கை ரம்பாயிலிருந்து சரளைக்கல் பாதையில் மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்து, ஒரு ரப்பர் தோட்டத்தின் முள்வேலி வாசலில் நிற்கிறேன். மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, காவலர் என் காற்றடிக்கும் பம்பைக்கூடக் கழற்றித் தட்டிப் பார்க்கிறார்.

உள்ளேயிருந்து ஒரு பாடை வருகிறது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு மகன். அவன் மடியில் ஒரு சிறு முடிச்சு.

"அரிசி வெளிய போகக் கூடாது லா, தம்பி," என்கிறார் காவலர். அவரும் தமிழர்தான்.

"அப்பாவுக்கு வாய்க்கரிசிண்ணே. சுடுகாடு வேலிக்கு அந்தப் பக்கம்ல இருக்கு."

"தெரியும்பா. தொரை ஜீப்பு வர்ற நேரம். இங்கேயே போட்டுடுங்க."

பாடையைச் சரளைக்கல்லில் இறக்குகிறார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து அரிசி போடுகிறார்கள். கற்களுக்கிடையே சிந்தியதைக் காவலர் மண்டியிட்டு, மணி மணியாகப் பொறுக்குகிறார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, பொறுக்கிய அரிசியையும் இறந்தவர் வாயிலேயே போடுகிறார்.

கதவு திறக்கிறது. இத்தனை நாளும் பங்கீட்டு அரிசியில் அரைவயிறாகக் காலம் தள்ளியவர், வாய் நிறைய அரிசியோடு வேலியைத் தாண்டுகிறார்.