வெறும் பையோடு நடந்தவர்கள்

பக்கத்து இயந்திரத்தில் நடந்துகொண்டிருந்த பெண் வாயில் ஒரு கராம்பை அடக்கியிருந்தாள். பல்வலியாக இருக்கலாம். அவளுக்கு மூச்சு வாங்க வாங்க அந்த மணம் என் பக்கம் வந்து வந்து போனது. கண்ணாடிச் சுவருக்குக் கீழே வத்தளை வீதி வாகனங்களில் சிக்கிக் கிடக்கிறது. என் காலுக்குக் கீழே பட்டை ஓடுகிறது, நான் நடக்கிறேன், நின்ற இடத்திலேயே இருக்கிறேன். இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவள் என் மகள். கைக்குழந்தையோடு வேலைக்கும் போகிறவள். வீட்டுக்குக் கிட்ட எது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்களா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று நாட்கணக்கில் விசாரித்து, தனக்கும் எனக்குமாகச் சேர்த்துவிட்டாள். எல்லாம் கேட்டாள். நான் மட்டும் மனதுக்குள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நடந்தால் யாராவது மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்பார்களா? வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பாள். கராம்பு மணம் இன்னொரு முறை வந்தது. அதோடு ராத்தாவின் நினைவும் வந்துவிட்டது.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. மாத்தளை டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, மாதத்தில் ஓரிரு தடவைதான் வீடு. இரண்டு பிள்ளைகளும் சின்னதுகள். கிளினிக்கில் டொக்டர் என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, சீனி வந்துவிட்டது, இப்போதே நடக்கத் தொடங்கினால் ஊசிக்குப் போகாமல் தப்பலாம் என்றார். அம்மாவை நினைத்தேன். ரத்தோட்டைக்கு மேலே தேயிலை மலையில் ஆயுசு முழுக்க ஏறி இறங்கிய கால் அம்மாவுடையது. வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு ஒரு சின்னப் புண் வந்து, அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது. மிச்ச நாட்களை அவர் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் ஒரு கதிரையில் இருந்து கழித்தார். துணைக்கு ஆளில்லாத வீட்டில் நானும் அப்படி ஒரு கதிரையில் உட்கார்ந்தால் என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? நடந்தே ஆகவேண்டும். எங்கே நடப்பது என்பதை மட்டும் டொக்டர் சொல்லவில்லை.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் காவல், உள்ளே பந்தடிக்கும் ஆண்கள். சீலையோடு நான் ஓரமாக ஒரு சுற்று வருவதற்குள் எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. கோயிலில் நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிள்ளைகளைத் தூணடியில் இருத்தி, வீட்டுப்பாடம் எழுதச் சொல்லிவிட்டு, உள்வீதியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன நேத்திக்கடன் டீச்சர்? சேருக்கு ஏதும் பிரச்சினையா?" என்று கண்கலங்கக் கேட்டாள். இல்லை, சீனி என்றேன். அவள் நம்பவில்லை. அந்த வாரத்துக்குள் என் கணவருக்கு சீகிரியாவில் ஒரு வெள்ளைக்காரியோடு தொடர்பு என்கிற வரைக்கும் கதை வளர்ந்திருந்தது. ஆண்டவனைச் சுற்றி உடம்பைக் குறைப்பது எனக்கே ஒரு மாதிரியாகவும் இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டு முஸ்லிம் அக்காவிடம், நான் ராத்தா என்று கூப்பிடுகிறவரிடம், இதைச் சொன்னபோது மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கணவர் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற வியாபாரி, ஊருக்கு ஹாஜியார். "எனக்கு சீனியும் இல்ல, ஒண்ணுமில்ல. ஆனா நானும் வாறேன் டீச்சர்," என்றார். ஏன் என்று கேட்டேன். "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து உப்புலேந்து உடுப்பு வரைக்கும் அவரே வாங்கிக்கொண்டு வாறாரு. எனக்கு ரோட்டுல நடந்த ஞாவகமே இல்ல." பையும் குடையும் அவருடைய யோசனைதான். பொம்பிளைகள் சும்மா நடந்தால் ஊர் கேட்கும், பையோடு நடந்தால் கேட்காது. விடிந்தும் விடியாததுமாக, தூங்கும் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவேன். சத்தம் கேட்டால் பார்த்துக்கொள்ள, மதிலுக்கு அப்பால் ராத்தாவின் மூத்த மகள் விழித்திருப்பாள். சீலைக்குக் கீழே கென்வஸ் சப்பாத்து. கையில் மார்க்கெட் பை.

அந்தக் காலைகள் மட்டும் எனக்குக் களைப்பில்லாத காலைகள். மலையிலிருந்து பனி இறங்கி வந்து கடைப் பலகைகளில் ஒட்டிக்கிடக்கும். ராத்தா ஒவ்வொரு வீட்டையும் நின்று பார்ப்பார். நடங்க ராத்தா, நின்றால் சீனி குறையாது என்று நான் இழுப்பேன். "ஒங்கட சீனிக்காக என்ட கண்ண மூடச் செல்லுறீங்களா?" என்பார். வழியில் ஒரு ஆமி முகாம், அதன் வாசலில் சோதனைச் சாவடி. மீசை அரும்பாத ஒரு ஆமிக்காரன். "கொஹெத யன்னே?" என்று கேட்பான், எங்கே போகிறீர்கள் என்று. கடைக்கு என்று சிங்களத்தில் சொல்வோம். கையை ஆட்டிப் போகவிடுவான். திரும்பும்போதும் அவனே நிற்பான். நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கியிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அவன் சிரிக்கவில்லை. முந்தின நாள் எங்கோ பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், அதிகாரி. பொடியன் என் பையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து உதறினான். ஒன்றும் விழவில்லை. "தினமும் கடைக்குப் போகிறார்கள் சேர்," என்றான், "தினமும் வெறும் பையோடு வருகிறார்கள்." அப்போதுதான் எனக்கே உறைத்தது. போவதற்குக் காரணம் செய்துகொண்ட நாங்கள் வருவதற்கு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அந்நேரத்தில் கடையே திறப்பதில்லை. உடற்பயிற்சி என்று உண்மையைச் சொன்னேன். அதிகாரி என் சீலையைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தார். எங்களைப் பொலிஸுக்கு ஏற்றினார்கள். முகாமைத் தாண்டி தினமும் ஒரே நேரத்தில் நடந்து எதை அளக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் கைக்குள் வீட்டுச் சாவி இருந்தது. அதைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை. பிள்ளைகள் எழும்பியிருக்கும். கதவைத் தட்டியிருக்கும். ராத்தா சுவரைப் பார்த்து ஓதிக்கொண்டே இருந்தார். ஹாஜியார் வந்ததும் நேரே என்னிடம் கையை நீட்டினார். "சாவியத் தாங்க டீச்சர் மொதல்ல. புள்ளைகள் அழுது." பொலிஸோடு பேசுவதற்கு முன்னால் அதை மகனிடம் கொடுத்தனுப்பினார். நாங்கள் வெளியே வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெரிய பிள்ளை, இன்று என்னை இங்கே சேர்த்துவிட்ட மகள், அன்று என் சீலைத் தலைப்பைப் பிடித்தவள் இரவு தூங்கும்வரை விடவில்லை.

இனி நடப்பில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். கதிரையில் உட்கார்ந்தாலும் வீட்டுக்குள் உட்காரலாம். ராத்தா விடவில்லை. ஹாஜியாரோடு என்ன பேசினாரோ, அடுத்த கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த சரக்குக் கிட்டங்கி எங்களுக்குத் திறந்தது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஆளுயரத்துக்கு அடுக்கிய சாக்குகள், அவற்றைச் சுற்றி ஒரு நடைபாதை. பின்னேரங்களில் பிள்ளைகள் மூட்டைகள்மேல் ஏறி விளையாட, நாங்கள் சுற்றுவோம். மிளகு வரும் காலத்தில் பாதை ஒடுங்கி, ஒருவர் பின் ஒருவராக, தும்மிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும். லொறி வந்து ஏற்றிப் போனதும் திடீரென்று அகன்று, இரண்டு பேரும் கை வீசிப் போவோம். கராம்புக் காலத்தில் சீலையை எத்தனை துவைத்தாலும் மணம் போகாது. வகுப்பில் பிள்ளைகள், டீச்சர் இன்னைக்குப் புரியாணியா என்று கேட்கும். ஒவ்வொரு சுற்றும் வாசலடிக்கு வந்ததும் ராத்தா குடையைத் துவக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு மறிப்பார். "கொஹெத யன்னே?" நான், "எங்கயும் இல்ல சேர்," என்பேன். "அப்ப போங்க." இதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பயம் எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. முழுக்கத் தேய்ந்தது என்று சொல்லமாட்டேன். சீனி இறங்கியது. ஊசி இல்லை என்றார் டொக்டர். வெளியே ரோடு எங்களுக்கில்லாமல் கிடந்தது. ராத்தா சில நாள் வாசலில் நின்று அதைப் பார்ப்பார், பிறகு திரும்பி நடப்பார்.

இன்றுவரை ஊசி இல்லை. இரண்டு காலும் இருக்கின்றன. நான் மாத்தளையை விட்டு வந்த பிறகு ராத்தா தனியாக ஒரு மாதம் சுற்றினாராம், பிறகு பேச ஆளில்லாமல் என்ன நடை என்று விட்டுவிட்டாராம். அவருக்கும் சீனி வந்ததாம். இப்போது கட்டிலோடு என்று போன வாரம் அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து இந்தப் பட்டையில் கொஞ்சம் நடந்தாலும் எனக்குக் கால் ஓய்கிறது. மாத்தளைக்கு பஸ் இருக்கிறது. இப்போது வழியில் யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் காலையில் பேரன், மத்தியானம் சமையல், பின்னேரம் இந்தக் கண்ணாடிக் கூடம். பட்டையை நிறுத்துகிறேன். கராம்பை அடக்கியிருந்த பெண் துவாலையால் முகம் துடைத்துக்கொண்டு போகிறாள்.

யுத்தம் முடிந்த வருஷம், கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்து நாங்கள் புறப்பட்டோம். சாமான்கள் லொறியில் முன்னால் போய்விட்டன. பிள்ளைகளோடு வேனில் ஏறி உட்கார்ந்தேன். ராத்தா கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டார், கையில் குடை. வேனின் ஜன்னலை மறித்துக்கொண்டு, "கொஹெத யன்னே?" என்றார்.

"எங்கயும் இல்ல, ராத்தா."

அவர் என் மடியில் கிடந்த மார்க்கெட் பையைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார்.

"திரும்பி வரக்கொள்ள வெறும் பையோட வராதீங்க, டீச்சர். புடிச்சுருவானுவ."