வெள்ளிக்கிழமை ஒரு மணி அளவு

பாலாவி உப்பளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த எனக்கு, அறுபத்திரண்டாவது வயதில் மாணவன் என்ற பெயர் கிடைத்தது. ஆகஸ்ட் விடுமுறையில் பல்கலைக்கழகம் ஒன்று அங்கே இரண்டு வார ஆய்வுப் பயிற்சி நடத்தியது. ஊரவர் ஒருவருக்கும் இடம் வைத்திருந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்று, விஞ்ஞானப் புத்தகங்களை நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தவன். முடிவில் தரப்படும் சான்றிதழ், என் பெயர் எழுதிய முதலாவது சான்றிதழாக இருக்கும். அதை எவரிடமும் சொல்லாமலே மிகவும் விரும்பினேன்.

பாத்தியில் தேங்கிய உப்புநீரின் செறிவை நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு நீரமானியால் அளந்து எழுதுவது என் வேலை. கண்டியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, தொலைவிலுள்ள வாய்க்காலில் அதே நேரத்தில் அளப்பாள். இரண்டையும் சேர்த்து வரைபடம் கீறுவதும் அவளே.

முதல் நாளில் விரிவுரையாளர், "எல்லாருக்கும் இந்த நேரம் சரிதானே?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அந்நேரம் நான் ஜும்ஆத் தொழுகையில் இருப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவர்கள் நடுவே முதலாவதாகச் சலுகை கேட்பவனாக இருக்க மனம் ஒப்பவில்லை.

"ஓம் மிஸ்," என்றேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது மணி இரண்டு. உப்புநீரை விரலிடையே தேய்த்து, நுனிநாவில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்தில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் பார்ப்போம். அந்தக் கணிப்பை நம்பி உப்புநீரை அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. ஒரு மணிக்கு இருபத்தொரு பாகை இருந்திருக்கும் என்று தீர்மானித்து, அட்டவணையில் இருபத்தொன்று என எழுதினேன்.

திங்கட்கிழமை மாணவி வரைபடத்தை விரித்தாள்.

"சாச்சா, உங்கட வெள்ளிக்கிழமைப் புள்ளியப் பாருங்க. கோட்டுல அப்பிடியே குந்தியிருக்கு. எண்ட புள்ளிகள்தான் ஆடுது."

அந்தப் பாராட்டுக்குப் பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் கதிரையிலிருந்து எழுந்தேன், அமர்ந்தேன், மறுபடி எழுந்தேன். கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் மேலே 'நீரமானி அளவு' என்று தலைப்பு இருந்தது. என் மனைவி சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"என்னத்துக்கு இப்பிடி நடக்கிறீங்க? சோதினையில கொப்பி அடிச்ச பிள்ளை மாதிரி."



வியாழக்கிழமை, முடிவுகளைச் சமர்ப்பிக்கும் நாள் காலையில், வரைபடம் சுவரில் ஏறியிருந்தது. விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மாணவியும் அருகில் நின்றாள்.

"விரல் வைச்சது எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு, மிஸ்."

"அப்ப ஒரு மணிக்கு அளவு இல்ல." கோபம் காட்டாமல் பேனையை என் கையில் தந்தார். "நீங்களே வெட்டுங்க. மற்ற நாள் அளவெல்லாம் நீரமானியாலதானே?"

"ஓம். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றன்."

இருபத்தொன்றை வெட்டினேன். அந்தப் புள்ளியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டது. கோடு நடுவில் அறுந்து நின்றது. மாணவி தான் எழுதிய 'ஒரே சீரான உயர்வு' என்ற வரியையும் வெட்ட வேண்டியதாயிற்று.

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்தானே சாச்சா," என்றாள். அதன் பின் நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சமர்ப்பிப்பின்போது பின்வரிசை மாணவன் ஒருவன், வெள்ளிக்கிழமை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டான். மாணவி என் பக்கம் திரும்பினாள்.

"நான் ஜும்ஆவுக்குப் போயிருந்தன். அளக்கல்ல," என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவன் தலையசைத்து எழுதிக்கொண்டான். அவளோ ஒட்டிய தாளின் கிளம்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, அடுத்த நாளின் புள்ளியை விளக்கத் தொடங்கினாள்.

சான்றிதழ் கிடைத்தது. மனைவி அதை அலுமாரிக் கண்ணாடிக்குள் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, பயிற்சி முடிந்திருந்தும், பள்ளிக்குப் புறப்படுமுன் என் கண் கடிகாரத்துக்கே போய்க்கொண்டிருந்தது.